பாலைக் கரையில் பறக்குமுன்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நீரும் நிழலும் அற்று வெந்து கிடக்கும் இடம் பாலை. பாலைக்கென்று தனி நிலம் இல்லை. மழை பொய்த்த காலத்தில் முல்லையும் குறிஞ்சியுமே தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று அவர்கள் கருதினர். நம் நாட்டு நிலத்தைக் கண்டு சொன்ன கருத்து அது. ஆனால், உலகப் படத்தை விரித்து, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கரையில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே நெய்தலும் பாலையும் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. ஒருபுறம் அட்லாண்டிக் மாகடலின் குளிர்ந்த அலை. மறுபுறம் குன்றுகளாய்க் குவிந்த மணல். சில இடங்களில் இரண்டுக்கும் இடையே ஒரு வண்டி செல்லும் அகலமே வழி; கடல் ஏறும் வேளையில் அதுவும் இல்லை. இதுவே நமீபியா நாட்டின் கரை. ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கரை முழுவதும் நமீப் பாலைவனம் கடலைத் தொட்டுக்கொண்டே செல்கிறது.

இத்தகைய காட்சியை வானத்திலிருந்து காண வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும். முன்னாளில் அதற்கு விமானம் வேண்டும், விமானியும் வேண்டும். இன்றோ ஒரு கைப்பையில் அடங்கிவிடும் ஆளில்லாச் சிறு வானூர்தி போதும். ட்ரோன் என்ற பெயரில் அது இன்று எங்கும் வழங்குகிறது. நான்கு சுழல் இறக்கைகள், ஒரு மின்கலம், ஒரு நிழற்படக் கருவி ஆகிய இவ்வளவே அதன் உடல். விரலால் ஒரு பொறியை அசைத்தால் விண்ணில் எழும். எளிதாக எழுவதனாலேயே, எழுப்புவதற்கு முன் எண்ண வேண்டியவற்றை நாம் எண்ணாமல் விட்டுவிடுகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் உரிய பழமொழி அன்று. அது காற்றுக்கும் உரியது.

பாலைக் கரையில் நின்று ட்ரோனைக் கையில் எடுப்பவன் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பறக்கவிடலாமா? பறக்க முடியுமா? பறந்தது திரும்பி வருமா? முதற் கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு வானிலையில் இருக்கிறது. மூன்றாவதற்குக் கருவியிலும் நின்ற இடத்திலும் இருக்கிறது. இந்த வரிசையும் முக்கியம். முதற் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் மற்ற இரண்டையும் கேட்கவே வேண்டியதில்லை.

முதலில் சட்டத்தைக் காண்போம். வானம் எவருக்கும் சொந்தமில்லை என்று பேச்சுவழக்கில் சொல்லுகிறோம். நாடுகளின் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி விமானப் போக்குவரத்துக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்பது அதன் முதல் விதி. அதே உடன்படிக்கையின் எட்டாம் விதி நமக்கு இன்னும் சுவையானது. விமானி இல்லாமல் பறக்கக்கூடிய எந்த வானூர்தியையும், ஒரு நாட்டின் தனி அனுமதி பெறாமல், அந்நாட்டின் மேல் விமானியின்றிப் பறக்கவிடலாகாது என்று அது கூறுகிறது. இன்றைய ட்ரோன் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே எழுதப்பட்ட விதி அது! ஆகவே, அயல்நாட்டுக்கு ட்ரோனைக் கொண்டு செல்பவன் அந்நாட்டின் வாயிலைத் தட்டி இசைவு கேட்டே நுழைய வேண்டும்.

நமீபியாவில் அந்த வாயில் காப்பது அந்நாட்டின் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். அதன் அனுமதியை எழுத்து வடிவில், பயணத்துக்கு முன்பே பெறுதல் வேண்டும். இத்தகைய ஆணையம் எதற்கு என்று ஐயுறுவோர் சுவாகோப்முண்ட் என்னும் கடற்கரை ஊரின் வானத்தைச் சற்று அண்ணாந்து பார்த்தால் போதும். அவ்வூரிலிருந்து மணற்குன்றுகளையும் கடலையும் காட்டுவதற்காகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சிறு விமானங்கள் கரையோரமாகச் செல்கின்றன. வான்குடையுடன் குதிப்போரும் அங்கே உண்டு. சற்றுத் தெற்கே வால்விஸ் விரிகுடாவில் விமான நிலையமும் துறைமுகமும் உள்ளன. மண்ணிலிருந்து பார்ப்பவனுக்கு வெற்றிடமாகத் தோன்றும் அந்த வானம் மனிதர் செல்லும் பாதை. அரைக் கிலோ எடையுள்ள ஒரு ட்ரோன் விமானத்தின் முகப்புக் கண்ணாடியிலோ சுழல் இறக்கையிலோ மோதினால், அழிவது கருவி மட்டும் அன்று. உள்ளே அமர்ந்திருப்போரின் உயிருக்கும் ஊறு நேரலாம். விமானிகளுக்கென வெளியிடப்படும் அறிவிப்புகளை அன்றைய நாளுக்குப் பார்த்து, தான் நிற்கும் பகுதியில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வது இதனாலேயே கட்டாயமாகிறது.

விமான ஆணையத்தின் அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனால் எங்கும் பறக்கலாமா? இல்லை. வானத்துக்கு ஒரு காவலர். நிலத்துக்கு இன்னொரு காவலர். நமீபியாவின் கரையில், ஊர்களின் எல்லை போக, ஏறத்தாழ முழுவதும் தேசியப் பூங்காக்களே. வடக்கே எலும்புக்கூட்டுக் கரைப் பூங்கா. நடுவில் 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட டோரோப் பூங்கா. அதற்குத் தெற்கே நமீப்-நவ்க்ளுஃப்ட் பூங்கா. இறுதியாகப் பறித்தோன்றும் மணற்கடல் 2013ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டது. அது இந்தப் பூங்காவினுள் அடங்கியது. இப்பூங்காக்களைக் காப்பது சுற்றுச்சூழல் அமைச்சகம். அதன் தனி இசைவின்றிப் பூங்காவினுள் ட்ரோன் பறக்கலாகாது. ஆகவே, கரையில் எங்கோ ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, 'இங்கே யாரும் இல்லை, பலகையும் இல்லை' என்று கருவியை எழுப்புவோன் பெரும்பாலும் பூங்காவினுள் நின்றுகொண்டே விதியை மீறுகிறான். பலகை இல்லாமை அனுமதி ஆகாது.

விதியை மட்டும் சொல்லி, அதன் காரணத்தைச் சொல்லாவிட்டால் அது மனத்தில் நிற்காது. சுவாகோப்முண்டுக்கு வடக்கே கிராஸ் முனை என்னும் இடம் உள்ளது. 1486ஆம் ஆண்டில் போர்ச்சுகீசிய மாலுமி டியோகோ காவோ அங்கே ஒரு சிலுவைத் தூணை நாட்டினார். அதனால் வந்த பெயர் அது. இன்று அவ்விடம் கடல்நாய்களின் தலைநகரம் எனலாம். பல்லாயிரக்கணக்கான கடல்நாய்கள் பாறைகளின் மேல் நெருக்கியடித்துக் கிடக்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் அவை குட்டி போடுகின்றன. தலைக்கு மேல் அறியாத ஓர் ஓசை எழுந்தால், பெரிய விலங்குகள் அஞ்சிக் கடலை நோக்கிக் கூட்டமாக உருண்டோடும். அந்த ஓட்டத்தில் மிதிபடுவன குட்டிகள். தாயைப் பிரிந்து தவிப்பனவும் குட்டிகளே. அவற்றைக் கவர்ந்து செல்ல நரிகளும் பழுப்புக் கழுதைப்புலிகளும் அருகிலேயே காத்திருக்கின்றன. மேலே நின்று படமெடுப்பவனுக்கு அது வியப்பான காட்சியாகத் தோன்றலாம். தான் கண்டது இயற்கையின் காட்சி அன்று, தான் உண்டாக்கிய கலக்கம் என்பதை அவன் அறியான்.

டமாரா ஆலா என்னும் சிறு கடற்பறவையின் நிலை இதைவிட இரங்கத்தக்கது. உலகிலுள்ள இவ்வினப் பறவைகளில் மிகப் பெரும்பகுதி நமீபியாவின் கரையில்தான் இனம் பெருக்குகிறது. கூடு என்று சொல்லத்தக்க ஒன்றும் அதற்கு இல்லை. சரளை பரந்த வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிட்டு அதன்மேல் அமர்ந்திருக்கும். வானில் வட்டமிடும் எதுவும் அதற்குப் பருந்தே. அஞ்சி எழுந்துவிட்டால், முட்டை வெயிலிலும் பகைவர் கண்ணிலும் படும். வால்விஸ் விரிகுடாவின் உப்பங்கழியில் கூடும் பூநாரைகளுக்கும் இது பொருந்தும். அக்கழி 1995ஆம் ஆண்டு முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. பறவைகள் ஓயாது எழுந்து பறந்தால், மேய்ந்து சேர்த்த வலிமையை வீணே இழக்கின்றன. ஓர் ஆண்டின் முயற்சியை ஒரு நிமிடப் பறப்பு அழித்துவிடக் கூடும்.

இக்கரையின் தெற்குப் பகுதியில் மற்றொரு தடை உண்டு. 1908ஆம் ஆண்டில் லூடரிட்ஸ் ஊருக்கு அருகே, இருப்புப் பாதையில் மூடிய மணலை வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளர் ஒரு வைரக் கல்லைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், அன்று அங்கே ஆட்சி செய்த ஜெர்மானியர் அப்பகுதியைத் தடுக்கப்பட்ட நிலமாக அறிவித்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2008இல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் அனுமதியின்றி அங்கே காலடி வைக்கவும் கூடாது. சிறு பொருளைச் சுமந்து வேலியைத் தாண்டவல்ல ஒரு கருவியை வைர நிலத்தின் காவலர்கள் விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பார்களா? பார்க்கமாட்டார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவற்றோடு, மனிதரின் அமைதிக்கும் மதிப்பளிக்க வேண்டும். ஊருக்குள் பிறர் முற்றத்தின் மேலும், கடற்கரையில் கூடியிருப்போர் தலைக்கு மேலும் கருவியைச் செலுத்துதல் நாகரிகமன்று. பெரும்பாலான நாடுகளில் அது சட்டத்துக்கும் புறம்பு. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. சென்ற ஆண்டில் சென்று வந்த நண்பர் சொன்னார் என்பது சான்றாகாது. பயணத்துக்கு முன் ஆணையத்திடமே கேட்டறிந்து, பெற்ற கடிதத்தைக் கையோடு கொண்டு செல்வதே முறை.

இனி இரண்டாம் கேள்வி. பறக்க முடியுமா? இதற்கு விடை காண, இக்கரையின் வானிலை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் வேண்டும். இக்கடலில் பெங்கேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அகற்றித் தள்ளுவதால், ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து அவ்விடத்தை நிரப்புகிறது. ஈரமுள்ள கடற்காற்று இந்தக் குளிர்நீரைத் தடவிச் செல்லும்போது தானும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. அதுவே மூடுபனி. மேலே வெப்பமான காற்று ஒரு மூடியைப் போல் கவிந்திருப்பதால் இக்குளிர்ந்த காற்று உயர்ந்து மழை மேகமாவதில்லை. இதனால்தான் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 25 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் மூடுபனியோ ஆண்டில் 100 நாட்களுக்கு மேல் தோன்றுகிறது. தென்னமெரிக்காவின் அட்டக்காமாக் கரையிலும் இதே முறையில் குளிர்ந்த நீரோட்டமும் பாலையும் மூடுபனியும் ஒன்றாக அமைந்திருப்பதைக் காணலாம்.

இந்த மூடுபனி பாலைக்கு அமுதம். 50 கிலோமீட்டருக்கு அப்பாலும் உள்நாட்டில் புகுந்து செடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் நீர் தருகிறது. தலையைத் தாழ்த்தி முதுகை உயர்த்தி நின்று, உடலில் படியும் பனித்துளியை வாய்க்கு வழியச் செய்து பருகும் வண்டும் அங்கே உண்டு. ஆனால் வண்டுக்கு அமுதமானது ட்ரோனுக்கு நஞ்சு. பனித்துளியில் உப்பும் கலந்திருக்கும். அது பொறியினுள் புகுந்து துருவை வளர்க்கும். அதனினும் பெருந்தீங்கு, கருவி கண்ணுக்கு மறைந்துவிடுவது. கண்பார்வைக்குள் வைத்தே பறக்கவிட வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவாக வழங்கும் விதி. நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத போது, தாழப் பறக்கும் விமானம் எங்கே, நம் கருவி எங்கே என்று எவர் சொல்ல வல்லார்?

மூடுபனி வருவதை முன்கூட்டி அறிய ஓர் எளிய வழி உண்டு. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பில் இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். ஒன்று அப்போதைய காற்றின் வெப்பம். மற்றொன்று பனிநிலை; அதாவது, காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி துளியாகுமோ அந்த வெப்பநிலை. இவ்விரண்டுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாடு இருந்தால் அச்சமில்லை. காற்று 14 டிகிரி, பனிநிலை 13 டிகிரி என்று கண்டால், வானம் தெளிவாகவே தோன்றினாலும் பனி வாயிலில் நிற்கிறது என்று கொள்க. கடலின்மேல் கரைக்கு இணையாக ஒரு சாம்பல் நிறச் சுவர் தெரிந்தால், குறிப்பைப் பார்க்கவும் வேண்டியதில்லை. கருவியை இறக்கிவிட வேண்டியதே. காற்று கரையை நோக்கி வீசினால் அச்சுவர் சில நிமிடங்களில் நம்மை வந்தடையும்.

காலையில் பனி, சூரியன் ஏற ஏறப் பனி விலகும். ஆனால் அப்போது மற்றொன்று தொடங்குகிறது. வெயிலால் நிலம் சூடாக, கடலிலிருந்து தென்மேற்குக் காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கிறது. மணலை வாரி இறைக்கும் வேகமும் அதற்கு உண்டு. ஆகவே பல நாட்களில், பனி விலகியதற்கும் காற்று வலுப்பதற்கும் இடைப்பட்ட முற்பகல் நேரமே பறப்பதற்கு ஏற்றது. அந்த இடைவேளை சில நாட்களில் இரண்டு மணி நேரம் இருக்கும்; சில நாட்களில் இல்லாமலே போகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெற்களத்துக்கு உரிய அறிவுரை. ட்ரோன் விடுவோன் அதைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும்.

காற்றின் கொடுமையை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒரு ட்ரோன் அசைவற்ற காற்றில் நொடிக்கு 12 மீட்டர் செல்லும் என்று கொள்வோம். காற்றோ நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. காற்றின் போக்கிலே கருவியை அனுப்பினால் அது நொடிக்கு 20 மீட்டர் விரைந்து, ஒரு கிலோமீட்டரை 50 நொடியில் கடந்துவிடும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கிறது. 12இலிருந்து 8 போக எஞ்சுவது 4. ஆகவே அதே தொலைவுக்கு 250 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்கும் மேல், ஆகிறது. போன நேரத்தைப் போல் ஐந்து மடங்கு! இடையே நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஒரு திடீர் வீச்சு எழுந்தால், கருவி முழு வலிமையோடு முயன்றும் நின்ற இடத்தைவிட்டு நகராது; மின்கலம் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். 'முதலில் காற்றை எதிர்த்துச் செல், பின்பு காற்றோடு திரும்பு' என்னும் விதி இக்கணக்கிலிருந்து பிறந்தது.

கணக்கில் மற்றொரு கண்ணியும் உண்டு. விமான நிலையக் குறிப்பு காற்றை நாட் என்னும் அளவில் கூறும். செய்தித்தாள் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கூறும். கருவியின் குறிப்பேடோ நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கூறும். 20 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். சிறு ட்ரோன்கள் பல தாங்கும் எல்லை ஏறத்தாழ அவ்வளவே. எண்ணை மட்டும் பார்த்து அளவைப் பாராதவன் ஏமாறுவான். நேரத்திலும் இவ்வாறே. விமானக் குறிப்புகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன; நமீபியாவின் நேரம் அதைவிட 2 மணி முந்தியது. குறிப்பில் 10 மணிக்குக் காற்று வலுக்கும் என்றிருந்தால், அவ்வூர்க் கடிகாரத்தில் அது நண்பகல் 12 மணி.

தமிழில் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் அழைப்பர். கொண்டல் மழையைக் கொணர்வது. கோடை வெப்பம் தருவது. நமீபியாவின் கரையில் இந்த இயல்பு தலைகீழாகிறது. அங்கே மேற்கிலிருந்து வருவது குளிர்ந்த கடற்காற்று. கிழக்கிலிருந்து வருவதோ நெருப்புக் காற்று. குளிர்கால மாதங்களில் உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து காற்று கடலை நோக்கிச் சரிந்து இறங்கும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது குழாய் சுடுவதை அறிவீர்கள். அதுபோல, இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறுகிறது. இதனால் குளிர்காலத்தின் நடுவே கரையூர்களில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. மணல் பறக்கும், வானம் மஞ்சளாகும். இந்நாளில் கருவிக்கு ஏற்படும் அபாயம் வேறு வகை. தென்மேற்குக் காற்று அடித்துச் சென்றால் கருவி நிலத்தின் மேலே எங்கேனும் விழும். கிழக்குக் காற்று அடித்துச் சென்றால் கடலில் விழும். அந்தக் கடலுக்கு அக்கரை தென்னமெரிக்கா! அன்றியும், பல ட்ரோன்கள் 40 டிகிரி வெப்பத்துக்கு மேல் இயங்குவதற்கு உரியன அல்ல. வெயிலில் நின்ற வண்டியினுள் வைத்திருந்த மின்கலம் பறக்குமுன்பே அந்த எல்லையைக் கடந்திருக்கும்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். பறந்தது திரும்பி வருமா? நமீப் கரையின் மணலில், செந்நிறக் கார்னெட் துகளோடு கருநிற மாக்னடைட் துகளும் பல இடங்களில் படிந்திருக்கிறது. மாக்னடைட் இரும்பின் தாது, காந்தத்தால் ஈர்க்கப்படுவது. ட்ரோனின் பொறிகளிலோ காந்தங்கள் உள்ளன. வெறுமணலில் வைத்து எழுப்பினால், இறக்கையின் காற்றால் எழும் மணல் பொறியினுள் புகும். கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒரு பாயையோ பலகையையோ விரித்து அதன்மேலிருந்து எழுப்ப வேண்டும். கருவியின் திசைகாட்டியையும் இம்மணல் குழப்பக்கூடும். கரையில் கிடக்கும் உடைந்த கப்பல்களின் இரும்பும், நம் வண்டியின் இரும்பும் அவ்வாறே குழப்பும். அழகிய கப்பற் சிதைவின் அருகே நின்று எழுப்ப ஆசை தோன்றும் இடத்தில்தான் திசைகாட்டி மிகவும் பிழைபடும். சற்று விலகி நின்று எழுப்புவதே நன்று.

'கருவி தானாகவே வீடு திரும்பும். அதற்கென ஓர் ஏற்பாடு உண்டு' என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் அந்த ஏற்பாடு என்ன செய்கிறது? பொதுவாக, முன்னரே குறித்த உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து நேர்க்கோட்டில் திரும்புகிறது. தரையைவிட உயரத்தில் காற்று வலிது. களைத்த மின்கலத்தோடு வலிய எதிர்க்காற்றில் ஏறும் கருவி வீடு வந்து சேருமென்பது உறுதியில்லை. அத்தருணத்தில், தடையில்லாத இடமாயின், கைவசம் கொண்டு தாழ இறக்கித் திருப்புவதே அறிவு. மேலும், கீழே நோக்கித் தரையின் அடையாளத்தைக் கண்டு நிலைகொள்ளும் கண்கள் கருவிக்கு உண்டு. அசையும் அலையின் மேலும், ஒரே நிறமாய்ப் பரந்த மணலின் மேலும் அக்கண்கள் ஏமாறுகின்றன. எனவே மின்கலத்தின் அளவில் பாதி எஞ்சியிருக்கும்போதே திரும்புவது இக்கரைக்கு ஏற்ற வழக்கம்.

விழுந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர்க்கு இக்கரையின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுதல் பொருந்தும். 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'டனிடின் ஸ்டார்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் எலும்புக்கூட்டுக் கரையில் தரைதட்டியது. அதில் இருந்தோர் 106 பேர். ஒரு பகுதியினர் படகில் ஏறி வெறுங்கரையை அடைந்தனர், படகும் பழுதாயிற்று. உதவ வந்த இழுவைக் கப்பல் ஒன்று தானும் தரைதட்டியது. அதன் மாலுமிகளில் இருவர் மாண்டனர். உணவும் நீரும் கொண்டுவந்த வென்சுரா என்னும் படைவிமானம் கரையில் இறங்கிற்று; அதன் சக்கரங்கள் மணலில் புதைந்து அது எழ முடியாமற் போயிற்று. பின்னர் அரும்பாடுபட்டு அதைத் தோண்டியெடுத்தனர்; எழுந்து சிறிது தொலைவு சென்ற அது கடலில் விழுந்தது. தரை வழியாக வந்த வண்டிகளும் நாள்கணக்கில் மணலோடு போராடின. கப்பலில் வந்தவர் அனைவரும் இறுதியில் பிழைத்தனர். ஆனால் அவர்களை மீட்க வந்தவர்கள் கொடுத்த விலை பெரிது.

அம்மனிதர்கள் உயிர்களைக் காக்கச் சென்றார்கள். அங்கே துணிவு கடமையாயிற்று. ஒரு ட்ரோனைத் தேடிச் செல்பவனுக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை. குளிர்ந்த அலையில் இறங்கவோ, தடம் தெரியாத மணற்குன்றுகளினூடே நீரின்றி நடக்கவோ அவனை எவரும் கேட்கவில்லை. அவன் வழிதவறினால் அவனைத் தேடப் பிறர் செல்ல நேரும். அவர்களுக்கும் அதே மணல், அதே பனி, அதே கடல். ஆகவே புறப்படுமுன்பே ஓர் உறுதி கொள்ளுதல் வேண்டும். கருவி எட்டாத இடத்தில் விழுந்தால், அது போனதாகவே கொள்வேன் என்பதே அவ்வுறுதி. அந்த இழப்பைத் தாங்க மனமில்லாதவன் எழுப்பாதிருப்பதே நலம்.

மாணவர்களே, இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பறக்கும் கலையின் பெரும்பகுதி தரையிலேயே முடிந்துவிடுகிறது. அனுமதிக் கடிதத்தைப் படித்தல், நிலத்தின் எல்லையைப் படத்தில் காணல், பனிநிலையைப் பார்த்தல், காற்றை அளந்து கணக்கிடல், பருவத்தையும் உயிர்களையும் நினைத்தல், பாயை விரித்தல் ஆகிய எல்லாம் கருவி எழுவதற்கு முன் செய்பவை. எழுந்த பின் நம் கையில் இருப்பது சிறிதே. இத்தனையும் பார்த்து முடித்த பிறகு, 'இன்று வேண்டாம்' என்று பையை மூடிக்கொண்டு திரும்ப நேர்ந்தால், அது தோல்வி ஆகாது. பெரிய விமானங்களின் தலைமை விமானிகளும் வானிலை கூடாதபோது அதையே செய்கிறார்கள். அதற்காக எவரும் அவர்களைக் கோழை என்று சொல்வதில்லை.

அன்று திரும்பியவன் மறுநாள் முற்பகலில் வரலாம். பனி விலகியிருக்கலாம், காற்றும் அடங்கியிருக்கலாம். மணற்குன்று அங்கேயே இருக்கும். ஆலாவும் தன் ஒற்றை முட்டையின்மேல் அமைதியாக அமர்ந்திருக்கும்.